டைட்பூல் ஸ்கல்பின்: குட்டையில் ஒளிந்திருக்கும் விரல் நீள மீன்

வட அமெரிக்காவின் பசிபிக் கரையில், அலாஸ்காவிலிருந்து தெற்குக் கலிஃபோர்னியா வரை, கடல் வற்றியதும் பாறைகளுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கும். அதில் கிடக்கும் மீன்தான் டைட்பூல் ஸ்கல்பின். அறிவியல் பெயர் ஓலிகோகாட்டஸ் மேகுலோசஸ். முழுதாக வளர்ந்தாலும் 9 செ.மீ. அளவுதான்.

பார்க்கப் போகிறவர்கள் நின்றபடியே எட்டிப் பார்ப்பார்கள். நிழல் விழுந்தால் போதும், மீன் கல்லிடுக்கில் பூந்துவிடும். வெயில் முகத்தில் படும்படி உட்கார்ந்து இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் இருங்கள். தரையில் ஏதோ ஒன்று வெடுக்கென்று ஓரடி நகர்ந்து நிற்கும். இதற்குக் காற்றுப்பை கிடையாது, அதனால் நடுத்தண்ணீரில் மிதக்க முடியாது. ஒரே பாய்ச்சல், உடனே தரை. விசிறி போன்ற மார்புத் துடுப்புகளை ஊன்றி உட்கார்ந்துகொள்ளும்.

தலை பெரிது, வால்பக்கம் சூம்பியிருக்கும். உடம்பில் செதில் இல்லை. முதுகில் கறுப்புப் பட்டைகள் குறுக்கே ஓடும். செவுள் மூடிக்கு முன்னால் உள்ள முள் நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். முதுகுத் துடுப்பின் அடியில் நூல் போன்ற இழைகள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தால் அது இதன் உறவான ஃப்ளஃபி ஸ்கல்பினாக இருக்கலாம். நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். மணல் தரையில் சாம்பல், பாசியில் பச்சை, சிவந்த பாசியில் செம்பழுப்பு என்று ஒரே இனம் பல வேஷம் போடும்.

எல்லோரும் இந்த வேஷத்தைத்தான் மெச்சுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, இது அந்தக் குட்டையில் உயிரோடு இருப்பதே. பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து தண்ணீரில் ஆக்சிஜனை நிரப்பும். இரவில் அதே பாசியும் மற்ற உயிர்களும் அதை உறிஞ்சித் தீர்த்துவிடும். கடல் ஏறும்வரை புதுத் தண்ணீர் வராது. ஆக்சிஜன் குறையக் குறைய மீன் மேலே வந்து, காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தைச் செவுளுக்குள் இழுக்கும். அதுவும் போதாதபோது ஈரப் பாறைமேல் ஏறி, தோலாலும் செவுளாலும் காற்றையே சுவாசிக்கும். ஸ்கல்பின் வகை மீன் இனங்களை ஒப்பிட்ட ஆய்வுகளில், கரையில் மேலே வாழ்பவை குறைந்த ஆக்சிஜனிலும் தாக்குப்பிடிப்பது தெரிந்தது. ஆழத்தில் வாழும் உறவினர்கள் அந்த அளவுக்குத் தாங்குவதில்லை.

இரை சின்னச் சின்ன ஓட்டுயிர்களும் புழுக்களும். கடல் ஏறும்போது குட்டையை விட்டு வெளியே மேயப்போகும், வற்றுவதற்குள் திரும்பிவிடும். 1971இல் ஜான் கிரீன் வெளியிட்ட ஆய்வு இந்தத் திரும்புதலைப் பற்றியதுதான். வேறிடத்தில் கொண்டுபோய் விட்ட மீன்களும் பழைய குட்டைக்கே வந்தன. நூறு மீட்டர் வரை தள்ளிவிட்டாலும் வழி கண்டுபிடித்துவிடும். பிற்பாடு நடந்த சோதனைகளில் கண் தெரியாத மீன்கள் வீடு சேர்ந்தன. மோப்பம் அடைபட்டவை தடுமாறின. வாசனையே வழிகாட்டி என்பது அதிலிருந்து தெளிவானது.

இனப்பெருக்கமும் கொஞ்சம் வித்தியாசம்தான். பெரும்பாலான மீன்களைப் போல வெளியே விந்தைக் கொட்டாமல் ஆண் பெண்ணோடு இணைசேரும். முட்டைகள் பாறையில் ஒட்டும், பொரிந்த குஞ்சுகள் சில வாரம் கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களோடு திரியும்.

கையில் எடுத்துப் பார்த்தே ஆகவேண்டுமென்றால் கையைக் கடல்நீரில் நனைத்துக்கொள்ளுங்கள். செதில் இல்லாத தோலில் சன்ஸ்கிரீன் பட்டால் கெடுதி. மீனை விட்டுப் பார்க்க உயரமான பாட்டில் வேண்டாம், அகலமான தட்டு நல்லது. தண்ணீரின் மேற்பரப்பு பெரிதாக இருந்தால்தான் காற்று நன்றாகக் கலக்கும். வெயிலில் வைத்த தண்ணீர் சீக்கிரம் சூடாகி ஆக்சிஜனை இழக்கும், அதனால் அடிக்கடி மாற்றுங்கள். ஒரு சில நிமிடத்தில் எடுத்த குட்டையிலேயே விடுங்கள். பக்கத்துக் குட்டையில் விட்டால் அடுத்த ஏற்றத்தில் அது தன் குட்டையைத் தேடிக் கிளம்பும், வழியில் பெரிய மீன் வாயிலும் மாட்டலாம். புரட்டிய கல்லைப் பழையபடியே வைக்க மறக்காதீர்கள். அடிப்பக்கத்தில் முட்டை ஒட்டியிருந்தால் வெயில் பட்டே காய்ந்துபோகும்.