புள்ளலூர்ப் போர் வரைந்த சுவர்

காஞ்சிபுரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். ஒருமுறை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மைசூர்ச் சுற்றுலா அழைத்துப் போனபோது, வழியில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் தரியா தௌலத் மாளிகையில் இறங்கினோம். அதன் மேற்குச் சுவரில் 1780 செப்டம்பர் 10 அன்று நடந்த புள்ளலூர்ப் போரைத் தீட்டியிருக்கிறார்கள். ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை முறியடித்த நாள் அது. என் வகுப்பில் இரண்டு பேருக்குப் புள்ளலூர்தான் சொந்த ஊர். "எங்க ஊரா சார்?" என்று சுவரை ஒட்டியே நின்றுவிட்டார்கள்.

தூரத்தில் இருப்பதைச் சிறிதாகப் போடு, முதலில் அடிவானக் கோட்டை இழு என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தச் சுவரில் அடிவானமே இல்லை. நடுவே சிவப்புக் கோட்டுச் சிப்பாய்களின் சதுர அணி. அதற்குள் பல்லக்கில் பெய்லி, விரலைக் கடித்தபடி. வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது. குதிரைவீரர்கள் நாலாபுறமும் பாய்கிறார்கள், தலைகள் உருள்கின்றன. முன்னது பின்னது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை, கண் எங்கேயும் தங்க முடியவில்லை. களத்துக்குள் மாட்டிக்கொண்டவனுக்கும் அப்படித்தானே தெரிந்திருக்கும்? வெற்றிபெற்ற திப்புவோ பூவை முகர்ந்துகொண்டு அமைதியாக இருக்கிறார். அந்த அமைதியைப் பார்த்த பிறகுதான் கீழே கிடப்பவர்களின் கோலம் எனக்கு உறைத்தது.

இது ஜெயித்தவர் வரையச் சொன்ன படம். பின்னால் 1855-இல் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி உத்தரவிட்டுத் திரும்பத் தீட்டப்பட்டது. இத்தனை கைகள் மாறியும் அந்தக் களேபரம் அடங்கவில்லை.

"செத்தவங்க எல்லாம் வெள்ளைக்காரங்களா சார்?" என்று புள்ளலூர்ப் பெண் கேட்டாள். இல்லை, பெய்லியின் படையில் பெரும்பாலானவர்கள் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள், நம் பக்கத்து ஆட்கள், என்றேன். அப்புறம் அவள் பேசவே இல்லை. காவலர் நகரச் சொல்லும்வரை அங்கேயே நின்றாள்.

அதுவரை என் போட்டிகளில் கொடியும் பீரங்கியும் நேராக நிற்கும் வீரர்களும்தான் பரிசு வாங்கும். இப்போது போர்க்களம் வரையும் வகுப்பென்றால் அடிவானக் கோட்டைப் பற்றி நான் பேசுவதில்லை. முதலில் விழுந்து கிடக்கும் ஒருவரை வரையச் சொல்கிறேன், முகத்தோடு. மற்றவர்களெல்லாம் அதற்குப் பிறகுதான்.