கேக்குக்கு நாலாவது இடம்தான்

சிலிக்கான் அச்சு வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேக்கை நினைத்துத்தான் வாங்குகிறார்கள். அட்டைப்பெட்டியில் பொன்னிறமாகச் சுட்ட கேக் படம் வேறு போட்டிருப்பார்கள். என்னைக் கேட்டால், சிங்கப்பூர் வீட்டு அடுப்படியில் இந்த அச்சுக்கு முதல் வேலை அகர் அகர் என்ற கடற்பாசி ஜெல்லி. இரண்டாவது ஆவியில் வேகும் பலகாரம். மூன்றாவது கிளறி அமுக்குகிற இனிப்பு. கேக்குக்கு நாலாவது இடம்தான் கொடுப்பேன்.

காரணம் எளிது. சிலிக்கான் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். அலுமினியத் தட்டில் ஓரமெல்லாம் சிவந்து வரும் அதே கேக், சிலிக்கானில் வெளுத்த முகத்தோடு வெளியே வரும். வேகும், ஆனால் சிவக்காது. பெரிய வளைய அச்சில் வார்த்தால் ஓரம் வறண்ட பிறகும் நடு ஈரமாகவே இருக்கும். அகர் அகருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அதற்குத் தேவை அச்சு வளைய வேண்டும் என்பது ஒன்றுதான். விளிம்பை லேசாக இழுத்தால் காற்று உள்ளே போகும், கையில் வந்து விழும்.

ஜெலட்டினை நான் தொடுவதில்லை. நம் வீட்டுச் சூடு 30, 31 டிகிரி என்றால் ஜெலட்டின் தளர்ந்துபோகும். அடுக்குமாடியின் கீழ்த்தளத் திறந்தவெளியான வாய்ட் டெக்கில் பிறந்தநாள் வைத்துக்கொண்டு ஜெலட்டின் ஜெல்லியை மேசையில் வைத்தால், கேக் வெட்டுவதற்குள் அது குளமாகிவிடும். அகர் அகர் 35, 40 டிகிரியிலேயே உறைந்துவிடும். மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். அதனால் குளிர்சாதனப் பெட்டியில் இடம் இல்லாத நாளிலும் மேசையிலேயே கெட்டியாக நிற்கும். இன்னொன்றும் உண்டு. ஜெலட்டின் பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டின் தோல், எலும்பிலிருந்து வருவது. அகர் அகர் கடற்பாசி. சைவம் சாப்பிடும் என் மாமியாரும், எதிர்வீட்டு மக்சிக்கும் (மலாய்க்கார அம்மாவை இங்கே 'மக்சிக்' என்றுதான் கூப்பிடுவோம்), மகளின் சீனத் தோழிகளும் ஒரே தட்டில் கை வைக்கலாம். ஒரு புளோக்கில் எத்தனை விதமான சாப்பாட்டுக் கட்டுப்பாடு இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

எங்கள் வீட்டில் அதிகம் போவது பாண்டூங் அகர் அகர். பாண்டூங் என்பது ரோஸ் சிரப்பும் பாலும் கலந்த பானம். ரோஸ் அடுக்குக்கு 400 மில்லி தண்ணீர், ஒன்றரைத் தேக்கரண்டி அகர் அகர் தூள், இரண்டு மேசைக்கரண்டி சீனி, நாலு மேசைக்கரண்டி ரோஸ் சிரப். நான் வாங்குவது ஸ்வாலோ குளோப் தூள்தான். தூளைப் பச்சைத் தண்ணீரில் கலக்கி அடுப்பில் வைத்து, கொதி வந்த பிறகும் இரண்டு நிமிடம் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் மணல் மணலாக எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. சிரப்பை அடுப்பை அணைத்த பிறகு ஊற்றினால் வாசம் நிற்கும். பால் அடுக்குக்கு 200 மில்லி தண்ணீரில் அதே அளவு தூளைக் கரைத்துக் கொதிக்க வைத்து, 200 மில்லி எவாபொரேட்டட் பாலைத் தனியே சுடவைத்துச் சேர்க்க வேண்டும். சில்லென்ற பாலை ஊற்றினால் பாத்திரத்திலேயே திரி திரியாக உறைய ஆரம்பித்துவிடும். ஒருவேளை உறைந்தாலும் பயமில்லை. திரும்ப அடுப்பில் வைத்தால் இளகிவிடும். ஜெலட்டின் மாதிரி நொந்துபோகாது.

அடுக்கு ஊற்றும் நேரத்தில்தான் கவனம் வேண்டும். முதல் அடுக்கு முழுக்க ஆறி இறுகிவிட்டால் மேலே ஊற்றுவது அதோடு ஒட்டாது. கவிழ்க்கும்போது மூடியும் டப்பாவுமாக இரண்டாகப் பிரிந்துவிடும். மிகவும் இளசாக இருந்தால் நிறம் கலந்துபோகும். விரலை வைத்துப் பார்த்தால் மேலே ஏடு கட்டியிருக்க வேண்டும், விரலில் கொஞ்சம் பிசுபிசுக்க வேண்டும், அச்சை அசைத்தால் உள்ளே இன்னும் தளதளக்க வேண்டும். அதுதான் நேரம். இரண்டாவது அடுக்கை நேராகக் கவிழ்க்காமல், கரண்டியின் முதுகில் பட்டு வழிகிற மாதிரி ஊற்ற வேண்டும். நேரம் தப்பி இறுகிவிட்டது என்றால் முள்கரண்டியால் மேலே லேசாகக் கீறிவிட்டு ஊற்றலாம், பிடித்துக்கொள்ளும்.

அன்னாசிப் பழத்தைப் பச்சையாகப் போட்டால் ஜெலட்டின் உறையவே உறையாது. அதிலுள்ள நொதி அதைக் கரைத்துவிடும். அகர் அகருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. எலுமிச்சைச் சாற்றை மட்டும் சேர்த்துக் கொதிக்க வைக்க வேண்டாம், புளிப்போடு கொதித்தால் பிடிப்பு குறையும். இறக்கிய பிறகு பிழியுங்கள்.

எந்த வடிவம் வாங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைகள் டைனோசரைத்தான் காட்டுவார்கள். டைனோசருக்கு வால் மெல்லியது, கழுத்து மெல்லியது. எடுக்கும்போது பாதி வால் அச்சிலேயே தங்கிவிடும். என் மகள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். வால் இல்லாததெல்லாம் அப்பாவுக்கு. ஆழம் குறைந்த, ஓரம் உருண்ட வடிவங்கள் நல்லது: பூ, சிப்பி, அரைக்கோளம்.

சரி, ஆவிக்கு வருவோம். இட்லி மாவு மூன்றாம் நாள் கொஞ்சம் புளித்துப்போய் நிற்கும் இல்லையா, அதைச் சின்னப் பூ அச்சில் முக்கால் பாகம் ஊற்றி ஆவியில் வைத்தால் பள்ளிக்கூட டப்பாவுக்குப் பொடி இட்லி தயார். உலோகத் தட்டைவிட இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக வைக்க வேண்டும். மூடியில் துணி கட்ட மறக்க வேண்டாம். ஆவித் தண்ணீர் சொட்டினால் மேலே குழி குழியாகிவிடும். ஆறிய பிறகு எடுத்து, நல்லெண்ணெயும் பொடியும் போட்டுக் குலுக்கினால் முடிந்தது.

எதிர்வீட்டு மக்சிக், கூவே கொசுயி என்ற அரிசி மாவுப் பலகாரத்தை ஆவியில் செய்வது சின்னப் பீங்கான் கிண்ணங்களில். கத்தியை விட்டு ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பார். நான் அதையே சிலிக்கானில் செய்கிறேன். அளவு கேட்டால் அவர் "அகாக் அகாக்" (உத்தேசமாக) என்று கையை ஆட்டிவிடுவார், அதனால் இது என் கணக்கு: அரிசி மாவு 100 கிராம், மரவள்ளி மாவு 50 கிராம், குலா மலாக்கா (தென்னை வெல்லம்) 180 கிராம், தண்ணீர் 500 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு, வாசத்துக்கு இரண்டு பாண்டான் இலை. குலா மலாக்காவைப் பாதித் தண்ணீரில் பாண்டான் இலையோடு காய்ச்சி வடிகட்ட வேண்டும். மீதித் தண்ணீரில் மாவுகளைக் கரைத்து அதில் இந்தப் பாகைச் சேர்த்து, சிறு தீயில் கரண்டியில் லேசாகப் படிகிற பதம் வரும்வரை கிண்டுங்கள். இந்தப் படியை விட்டால் அரிசி மாவு அச்சின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், கீழே கல், மேலே கூழ். பிறகு அச்சில் ஊற்றி 15 நிமிடம் ஆவியில். முழுக்க ஆறும்வரை தொடக் கூடாது. சூட்டில் எடுத்தால் எல்லாம் பசை. தேக்கா ஈரச்சந்தையில் வாங்கிய துருவிய தேங்காயை உப்புச் சேர்த்து ஐந்து நிமிடம் ஆவி காட்டி, அதில் புரட்டி எடுங்கள். ஆவி காட்டாத தேங்காய் இந்த வெக்கையில் மாலைக்குள் சளித்துவிடும்.

தீபாவளிக்குத் தேங்காய் பர்பி. தட்டில் கொட்டி வில்லை போட்டால் ஓரத் துண்டுகள் கோணல்மாணலாகும், யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சு வரும். அச்சில் எல்லாம் ஒரே அளவு. ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க், 250 கிராம் காய்ந்த தேங்காய்த் துருவல், ஒரு கரண்டி நெய், ஏலக்காய். சிறு தீயில் சட்டியை விட்டுச் சுருண்டு வரும்வரை கிளறி, கை பொறுக்கிற சூட்டில் அச்சில் அமுக்கி நிரப்ப வேண்டும். மூலை முடுக்கெல்லாம் கட்டைவிரலால் அழுத்துங்கள், இல்லாவிட்டால் பூவின் இதழ் மொட்டையாக வரும். அரை மணி குளிரில் வைத்துத் தள்ளினால் டக்கென்று வந்துவிடும்.

சாக்லேட்டும் செய்யலாம்தான். ஆனால் நம் ஊர் ஈரக் காற்றில் அது ஒரு தொல்லை. குளிரிலிருந்து எடுத்ததும் மேலே வியர்த்துவிடும், பிறகு வெள்ளை பூக்கும். ஏர்கான் போட்ட அறையில், பேக்கிங் கடைகளில் கிடைக்கும் காம்பவுண்ட் சாக்லேட்டில் (கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்தது) செய்தால், சூட்டை ஏற்றி இறக்கிப் பதப்படுத்தும் டெம்பரிங் வேலை மிச்சம். சுவை அசலுக்கு ஈடாகாது. பிள்ளைகளுக்குப் போதும்.

இவ்வளவு சொல்லிவிட்டுக் கேக்கை விட்டால் நியாயம் இல்லை. சின்ன மஃபின் குழிகள் என்றால் சிலிக்கான் நன்றாகவே வேலை செய்யும். நன்றாகக் கனிந்த பிசாங் மாஸ் (சின்ன வாழைப்பழம்) ஐந்து மசித்து, தயிர் 100 மில்லி, எண்ணெய் 60 மில்லி, சீனி 80 கிராம் சேர்த்து அடித்து, மைதா 150 கிராம், ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி சோடா மாவு சலித்துப் போட்டுக் கலந்தால் முட்டை இல்லாத வாழைப்பழ மஃபின். 180 டிகிரியில் 20, 22 நிமிடம். அச்சை முதலில் இரும்புத் தட்டில் வைத்துவிட்டுத்தான் மாவை ஊற்ற வேண்டும். நிரப்பிய அச்சைக் கையால் தூக்கினால் நடுவில் மடங்கி மாவு தரைக்குப் போகும். அந்தத் தட்டு அடிப்பக்கம் சிவக்கவும் கொஞ்சம் உதவும். ஏர் ஃபிரையர் வைத்திருப்பவர்கள் தனித்தனிக் கிண்ண அச்சாக வாங்கிக்கொள்ளுங்கள், 160 டிகிரி போதும்.

அச்சு வாங்கும்போது பெட்டியில் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று பாருங்கள். நல்லதில் 220, 230 என்று போட்டிருக்கும். நேர் நெருப்பிலும் கிரில் கம்பிக்கு அருகிலும் கூடாது. உள்ளே கத்தி வைக்காதீர்கள். பிரான்ஸின் தெமார்ல் நிறுவனம் செய்கிற சில்பாட் மாதிரி விரிப்புகளில் சிலிக்கானுக்குள் கண்ணாடி இழை வலை இருக்கிறது. கீறினால் அந்த இழை வெளியே வந்துவிடும், பிறகு குப்பைதான். எண்ணெய் ஸ்பிரே அடிக்க வேண்டாம், அது நாளடைவில் பிசினாகப் படிந்து தேய்த்தாலும் போகாது. ஒரு துளி எண்ணெயை விரலால் தடவினால் போதும். அகர் அகருக்கு அதுவும் வேண்டாம், தண்ணீரில் அலசிவிட்டு ஈரத்தோடு ஊற்றலாம்.

சிலிக்கான் வாசனையை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். இஞ்சி பூண்டு விழுது, சம்பால், மீதித் தேங்காய்ப்பால் எல்லாம் உறையவைத்துக் கட்டியாக எடுத்து வைக்க இது அருமையான சாமான், ஆனால் அதற்கென்று ஒரு அச்சைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். எங்கள் வீட்டில் பச்சை நிறம் பூண்டுக்கு. அதில் யாரும் இனிப்பு ஊற்றக் கூடாது என்பது சட்டம்.

போன மாதம் அத்தை, "இத்தனை கலர் ஊத்துறியே, பாயசத்தை இதுல ஊத்த முடியாதா?" என்று கேட்டார்கள். ஊற்றிப் பார்த்தேன். வறுத்து வேகவைத்த பாசிப்பருப்பு அரை கப், வெல்லத்துக்குப் பதில் குலா மலாக்கா 150 கிராம், தண்ணீர் 500 மில்லி, அகர் அகர் தூள் இரண்டரைத் தேக்கரண்டி, கடைசியில் கெட்டித் தேங்காய்ப்பால் 200 மில்லி, ஏலக்காய், சுக்கு. தேங்காய்ப்பாலை ஊற்றிய பிறகு அதிகம் கிண்டாமல் ஒரு கொதி விட்டு இறக்கினால், ஆறும்போது கொழுப்பு தானாக மேலே ஏறி வெள்ளை அடுக்காக நின்றுவிடும், பருப்பு அடியில் தங்கும். கவிழ்த்ததும் பருப்பும் பழுப்பும் மேலே வரும், வெள்ளை கீழே போகும். வறுத்த முந்திரியை முதலிலேயே அச்சில் போட்டால் சூடான கலவையில் மிதந்துவிடுகிறது. அதனால் ஒரு கரண்டி கலவையை ஊற்றி ஏடு கட்டியதும் முந்திரியை அதில் பதித்து, மீதியை மேலே ஊற்ற வேண்டும். அத்தைக்குப் பிடித்துவிட்டது. நெய் மட்டும் போதவில்லையாம்.