தடைக்காலத்து வங்கிக் கணக்கு

வணிக நிர்வாகத்தில் முதுகலை படிக்கும் எனக்கு, தொழிலும் இயற்கையும் ஒன்றையொன்று கெடுக்காமல் நடப்பதற்கான வழிகளைப் பார்த்துவரும் பத்து நாள் டென்மார்க் பயணத்தில் இடம் கிடைத்தபோது, வீட்டில் யாரும் விமானத்தைப் பற்றியோ குளிரைப் பற்றியோ பேசவில்லை. விசாவுக்குக் காட்ட வேண்டிய அப்பாவின் வங்கிக் கணக்கைப் பற்றித்தான் பேசினார்கள். அப்பா காசிமேட்டில் விசைப்படகில் பங்குக்குத் தொழிலுக்குப் போகிறவர். டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சுவதைப் பிரித்துக் கையில் வாங்குகிறவருக்குச் சம்பளச் சீட்டும் கிடையாது, வருமான வரிக் கணக்கும் கிடையாது.

பாஸ்போர்ட் எளிதாகவே முடிந்தது. 1500 ரூபாய்க் கட்டணம், சாலிகிராமத்தில் ஒரு காலைப் பொழுது, பிறகு காவல் துறையின் சரிபார்ப்பு, அவ்வளவுதான்.

விசாதான் பெரிய வேலை. டென்மார்க் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்றாலும், எங்கள் குழு முடிவானதே ஜூலையில், புறப்பாடு செப்டம்பரில். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, 35-க்கு 45 மில்லிமீட்டர் அளவில் புகைப்படம், அழைப்புக் கடிதம், கல்லூரியின் சான்று ஆகியவற்றை எல்லாரும் ஒன்றாகவே தயாரித்தோம். படிப்பின் பொருட்டுப் பயணம் போகும் மாணவர்களுக்கும் உடன் வரும் ஆசிரியர்களுக்கும் விசாக் கட்டணம் இல்லை, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் மட்டுமே உண்டு. எங்களுக்காக ஏற்பாடு செய்த பயண முகவரோ முழுக் கட்டணத்தையும் சேர்த்தே கணக்கு கொடுத்திருந்தார். விதியைப் படித்துப் பார்த்த பேராசிரியை கேட்ட பிறகுதான் அந்தத் தொகை எங்கள் கைக்குத் திரும்பியது. இப்படிப் போகிறவர்கள் கட்டண விவரத்தை முகவரிடம் கேட்காமல் விதியிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

எனக்கு மட்டும் தனியாக ஒரு சிக்கல் காத்திருந்தது. அப்பாவின் கணக்கை அச்சிட்டு வாங்கியபோது ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை தொழில் வரவு எதுவும் இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள், மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. இது எங்கள் தெருவில் குழந்தைகளுக்கும் தெரியும், ஆனால் விசாக் கோப்பைப் புரட்டுகிற அதிகாரிக்கு இது வேலையிழந்த ஒருவரின் கணக்காகத்தான் தெரியும். போதாக்குறைக்கு, என் பங்குச் செலவுக்காக அம்மா வைத்த நகைக்கடன் ஜூலையில் மொத்தமாக வரவாகியிருந்தது. தெரிந்தவர்களிடம் பணம் வாங்கிப் போட்டு இருப்பைக் கூட்டிக் காட்டலாம் என்று முகவர் யோசனை சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. திடீரென்று முளைக்கும் பணம்தான் அதிக சந்தேகத்தைக் கிளப்பும் என்றும் தோன்றியது. ஆகவே தடைக்காலம் என்றால் என்ன, பங்கு எப்படிப் பிரிக்கப்படுகிறது, அந்த மாதங்களில் குடும்பம் எதைக் கொண்டு நடக்கிறது என்பதை ஒரு பக்க ஆங்கிலக் கடிதமாக எழுதி, தடைக்கால அரசு அறிவிப்பு, நிவாரணத் தொகை வரவான பக்கம், அடகுச் சீட்டின் நகல், அப்பாவின் மீனவர் அடையாள அட்டை ஆகியவற்றை வரிசையாக இணைத்தேன். கைரேகை கொடுத்த பதினேழாம் நாள் விசா ஒட்டப்பட்ட பாஸ்போர்ட் வந்தது. அந்தக் கடிதத்தை யாராவது படித்தார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

கோபன்ஹேகனில், குப்பையை எரித்து மின்சாரமும் வெப்பமும் எடுக்கும் ஆலையின் கூரையில் பனிச்சறுக்குச் சரிவு அமைத்திருக்கிறார்கள். நண்பர்கள் படமெடுத்துத் தீரவில்லை. கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் புகையை மூக்கில் சுமந்து வளர்ந்த எனக்கு, அந்தக் கூரையைவிட அடியில் இருந்த புகை வடிகட்டிகளைப் பற்றிக் கேட்கத்தான் ஆசையாக இருந்தது.

நான் உண்மையில் பார்க்கப் போனது கலுன்போர்க். கோபன்ஹேகனுக்கு மேற்கே சுமார் 100 கிலோமீட்டரில், ஐந்து கோபுரத் தேவாலயத்துடன் கடலோரம் இருக்கும் சிறிய ஊர். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வீணாக எரிந்துகொண்டிருந்த வாயுவை 1972-இல் பக்கத்து ஜிப்சம் பலகை ஆலை வாங்கத் தொடங்கியது. பிறகு மின் நிலையத்தின் நீராவி மருந்து ஆலைக்கும், வெப்பம் வீடுகளுக்கும், புகையைச் சுத்தம் செய்ததில் கிடைத்த ஜிப்சம் அந்தப் பலகை ஆலைக்கும், இன்சுலின் தயாரிப்பில் மீந்த ஈஸ்ட் பன்றித் தீவனத்துக்கும் போயின. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டதல்ல; இரண்டிரண்டு நிறுவனங்களாக விலை பேசி ஒப்பந்தம் எழுதியதில் வளர்ந்தது. நிலத்தின்மேல் நெடுக ஓடிய நீராவிக் குழாய்களைப் பார்த்தபோது, எங்கள் பக்கத்தில் அனல்மின் நிலையத்தின் சாம்பல் கூழ் கொண்டுபோகும் குழாய் கசிந்து, கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் நண்டும் இறாலும் இருந்த சேற்றின்மேல் சாம்பல் படிந்தது நினைவுக்கு வந்தது. இரண்டு ஊரிலும் குழாய் இருக்கிறது, ஆனால் அங்கே குழாயின் மறுமுனையில் காசு கொடுத்து வாங்குகிற ஒருவர் காத்திருக்கிறார். பயணம் முடிந்து கொடுக்க வேண்டிய அறிக்கையின் மையக் கருத்தாக இதைத்தான் குறித்துவைத்தேன்: கழிவுக்கு விலை வந்துவிட்டால் கசிவு நிற்கும்.

ஊர் திரும்பி இதை அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். வலை சீர்செய்துகொண்டே கேட்டவர், "கழிசல் மீனுக்குத் தீவனக் கம்பெனிக்காரன் விலை வெச்சப்புறம்தானே பாப்பா சின்னக் கண்ணி வலை கூடிப்போச்சு? முன்னெல்லாம் பொடிமீனை யார் சீண்டுவாங்க?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. குறிப்பேட்டை மறுபடி எடுத்துப் பார்த்தால், கலுன்போர்க்கின் மின் நிலையம் நிலக்கரியைக் கைவிட்டு மரச்சில்லுக்கு மாறியதையும் நானே எழுதியிருந்தேன். நிலக்கரிப் புகை இல்லையென்றால் அந்த ஜிப்சமும் இல்லை. அதை நம்பியிருந்த ஆலை வேறு வழி பார்த்தாக வேண்டும். கழிவை வாங்குகிறவனுக்கு அந்தக் கழிவு நிற்காமல் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதை நான் எங்கேயும் எழுதவில்லை. கடைசி இரண்டு அத்தியாயங்களை அழித்துவிட்டு, தடைக்காலத்தையும் கழிசல் மீனையும் சேர்த்து மறுபடி எழுதினேன். அறிக்கையைக் கெடு முடிந்து நான்கு நாள் கழித்துத்தான் கொடுக்க முடிந்தது.