இனிஷியல்

2024 மார்ச் 26 அன்று சேஷு இறந்த செய்தி வந்தபோது, நான் சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் தியேட்டர் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எதைத் திறந்தாலும் ஒரே வரிதான்: ‘லொள்ளு சபா’ சேஷு காலமானார். விஜய் டிவியில் அந்தக் காமெடி நிகழ்ச்சி நின்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. முந்தைய மாதம்தான் சந்தானத்தோடு அவர் நடித்த ‘வடக்குப்பட்டி ராமசாமி’ வெளியாகியிருந்தது. பக்கத்தில் நின்ற அண்ணன் தன் செல்போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். “பாத்தியா தம்பி, கடைசி வரைக்கும் இனிஷியல் மாறல.”

அந்த அண்ணனுக்கும் அப்படிப் பெயருக்கு முன்னால் நிகழ்ச்சியின் பெயர் ஓர் இனிஷியலாக உண்டு. அவர் பெயரையும் எங்கள் நிகழ்ச்சியின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. சினிமாக்களைக் கிண்டலடிக்கும் வாராந்தர காமெடி நிகழ்ச்சி, அவ்வளவு போதும். நான்கு வருடம் அதில் நான் உதவி இயக்குநர். அவர் எல்லா வேடமும் போடும் நடிகர். காலையில் நாட்டாமை, மதியம் நாட்டாமையின் மாமியார், லைட் போவதற்குள் ஒரு பிணம்.

எபிசோட் ஒன்றுக்கு இரண்டு நாள்தான் கால்ஷீட். வளசரவாக்கத்தில் ஒரு வாடகை பங்களா. அதன் மொட்டை மாடிதான் சுவிட்சர்லாந்து, கார் ஷெட்தான் கோர்ட். கிண்டலடிக்கப்போகும் படத்தை முந்தின ராத்திரி நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஹீரோ எந்தக் காட்சியில் என்ன சட்டை என்று எழுதிக்கொள்வது என் வேலை. அதே நிறத்தில் வாங்க வேண்டும், ஆனால் ஒரு சைஸ் பெரிதாக. சரியாகப் பொருந்திவிட்டால் சிரிப்பு வராது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் காஸ்ட்யூமர், டைரக்டர் இல்லை.

அண்ணன் கற்றுக்கொடுத்தது வேறு. சீரியல் செட்டில் கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒருவர் வசனத்தைச் சத்தமாகப் படிப்பார், நடிகர் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்வார். ப்ராம்ப்டிங் என்போம். டப்பிங்கில் எல்லாம் சரியாகிவிடும் என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. முதல் வாரம் நானும் அப்படித்தான் படித்தேன். அண்ணன் ஷாட்டை நிறுத்திவிட்டு அருகில் வந்தார். “லீடை எவ்வளவு வேணும்னாலும் படி. கவுண்டரை மட்டும் படிக்காத. நீ சொல்லி நான் சொன்னா அது ரெண்டாவது தடவை. ஜோக்கை யாராவது ரெண்டு தடவை கேட்டு சிரிப்பானா?” ஜோக்குக்கு எடுத்துக்கொடுக்கும் வரி லீட், சிரிக்க வைக்கும் பதில் வரி கவுண்டர். எதிரில் நிற்கிறவர் கவுண்டரை முன்பே கேட்டுவிட்டால், அவர் முகம் வாங்கிக்கொள்ளத் தயாராகிவிடும் என்பது அவர் கணக்கு. அப்புறம் லீடை மட்டும் படித்துவிட்டு வாயை மூடிக்கொள்வேன். அவர் ஒரு மூச்சு இடைவெளி விடுவார். அந்த இடைவெளியை எடிட்டர் வெட்டாமல் காப்பாற்றுவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. எழுதியதைவிட நல்ல கவுண்டர் டப்பிங்கில்தான் பல சமயம் தோன்றும். அதற்காகவே ஒவ்வொரு காட்சியிலும் முதுகு காட்டும் ஷாட் ஒன்று எடுத்து வைத்துவிடுவார் அண்ணன். வாய் தெரியாத இடத்தில் எதை வேண்டுமானாலும் பேசலாம்.

சரி, இனிஷியலுக்கு வருகிறேன். வேலை பெயரோடு ஒட்டிக்கொள்வது நம் ஊருக்குப் புதிதல்ல. ‘கல் மணம்’ நாடகத்தில் தேங்காய் வியாபாரியாக நடித்த சீனிவாசனை ‘தேங்காய்’ ஆக்கினார் தங்கவேலு. பாலசந்தரின் நாடகத்தில் மேஜர் சந்திரகாந்தாக வந்த சுந்தரராஜன் கடைசி வரை மேஜர்தான். எஸ்.வி.சேகருக்காக மோகன் எழுதிய ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ அவரைக் கிரேஸி மோகன் ஆக்கியது. ஆனால் அவையெல்லாம் பட்டம் போல உட்கார்ந்தன. டிவி காமெடி நடிகனுக்கு அது பட்டமா, விலாசமா என்றே தெரிவதில்லை. லொள்ளு சபா மனோகர், லொள்ளு சபா சுவாமிநாதன் என்றால்தான் ஆளே அடையாளம் தெரிகிறது. அதே சபாவில் ஓரமாக வந்துபோன பாபுவுக்கு 2009-இல் ‘யோகி’ படத்திலிருந்து வேறு இனிஷியல் கிடைத்தது. சந்தானத்துக்கு மட்டும் எதுவும் ஒட்டவில்லை. 2004-இல் ‘மன்மதன்’ வந்தது, அதற்கப்புறம் அவர் வெறும் சந்தானம். பின்னால் சேஷு, மாறன் என்று பழைய ஆட்களைத் தன் படங்களுக்குள் கூட்டிக்கொண்டார். லொள்ளு சபாவை இயக்கிய ராம்பாலா, ‘தில்லுக்கு துட்டு’ படத்தில் அவரையே ஹீரோவாக வைத்து இயக்கினார். இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம் என்பதால் சொல்கிறேன்.

எங்கள் அண்ணனை அப்படிக் கூட்டிப்போக யாரும் வரவில்லை. ஒருமுறை வீட்டுக்கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனோம். மேனேஜர் எழுந்து நின்று கை கொடுத்தார். எங்கள் நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லித்தான் ஊழியர்களை அழைத்தார். செல்ஃபி முடிந்தது, மாமியார் குரலில் ஒரு வசனமும் முடிந்தது, காபி வந்தது. அப்புறம் ஃபைலைத் திருப்பிக் கொடுத்து, “நிரந்தர வருமானம் காட்ட முடியலையே சார்” என்றார். வெளியே வந்து வண்டியைக் கிளப்பும்போது அண்ணன் அதே மாமியார் குரலில் அந்த மேனேஜரைத் திட்டினார். நான் சிரித்தேன். சிரித்தது தப்பா என்று இப்போதும் தெரியவில்லை. நன்றாக இருந்தது, அதனால் சிரித்தேன்.

நிகழ்ச்சி நின்ற பிறகு நான் சினிமாப் பக்கம் வந்தேன். நான் வேலை பார்த்த ஒரு படத்தில் அவருக்கு மூன்று காட்சி வாங்கிக் கொடுத்தேன், ஒரு அப்பா வேடம், காமெடியே இல்லை. டைட்டில் கார்டு தயாராகும்போது போன் செய்தார். “தம்பி, இந்த ஒரு தடவை பேரை மட்டும் போட்டுடேன். அப்பா வேஷம் இல்லையா?” போட்டேன். பட்டியலைச் சரிபார்த்த தயாரிப்பு மேனேஜர் பேனாவை எடுத்து முன்னால் நிகழ்ச்சியின் பெயரை எழுதினார். “வெறும் பேரைப் போட்டா யாருன்னே தெரியாது சார்.” நான் வாதாடிப் பார்த்தேன். படம் அப்படியேதான் வெளியானது.

சேஷு செய்தி வந்த அன்று நாங்கள் நின்றது அந்தப் படத்தின் டப்பிங்குக்குத்தான். அண்ணன் டீயை முடித்துவிட்டு உள்ளே போனார். அழ வேண்டிய காட்சி, ஒரே டேக்கில் முடித்தார். வெளியே வந்ததும் தயாரிப்பு உதவியாளர் பையன் பேட்டா வவுச்சரை நீட்டினான். அண்ணன் அதைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பணத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது நான் எட்டிப் பார்த்தேன். நிகழ்ச்சியின் பெயரை முழுதாக எழுதி, அதற்குப் பின்னால்தான் தன் பெயரை எழுதியிருந்தார்.