மருந்துச் சீட்டில் 18, ஊசியில் 10

ஒரு மனநல ஆலோசகரிடம் நாற்பது நிமிடம் உட்கார்ந்து பேசுவதற்காக இந்த ஆண்டு நான்கு நாள் சம்பளத்தை இழந்திருக்கிறேன். அந்த நாற்பது நிமிடத்தில் கிடைத்த ஆறுதல் பெரிது. ஆனால் அதற்கு முன் வெறுங்கையோடு திரும்பிய மூன்று நாள்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது. உடலில் இன்சுலின் சுரக்காத முதல் வகைச் சர்க்கரை நோயோடு வாழ்பவர்களில் ஒருவராவது அந்த அலைச்சலிலிருந்து தப்பட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு 19 வயதில் நோய் வந்தது, இப்போது 34. ஊசியும் சோதனையும் உணவுக் கணக்கும் பழகிப்போனவை. பழகாமல் போனது இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் இரவு. கணவர் வேலைக்காக மஸ்கட் சென்று மூன்று வாரம் ஆகியிருந்தது. இரவு இரண்டு மணிக்கு மேல், உடல் முழுக்க வியர்த்து, நாக்கு குழறி, சொந்த வீட்டில் அடுக்களைக்குப் போகும் வழி தெரியாமல் நின்றிருந்த என்னை, அப்போது ஏழு வயதாக இருந்த மகள்தான் கையைப் பிடித்து உட்கார வைத்துச் சீனித் தண்ணீர் கொடுத்தாள். சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்திருந்தது; குடித்த பிறகும் மீட்டர் 46தான் காட்டியது. மறுநாள் முதல், தூங்கப் போகும் முன் அவள், "அம்மா, சீனித் தண்ணி எடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்கத் தொடங்கினாள். அந்தக் கேள்வியைத் தாங்க முடியாமல், மாலை இன்சுலின் ஊசியில் மருத்துவர் எழுதியிருந்த 18 யூனிட்டை நானாகவே 10 ஆகக் குறைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சோதனை நோட்டில் 130, 142, 125 என்று பார்க்க அழகான எண்களை எழுதி வந்தேன். பல நாள் சோதனையே செய்யவில்லை.

இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனை பொய் சொல்லாது அல்லவா? 10.2 என்று மிக அதிகமாக வந்தது. நோட்டையும் அதையும் ஒப்பிட்டுப் பார்த்த மருத்துவர், மீட்டர் பழுதாக இருக்கும், புதிது வாங்குங்கள் என்றார், வாங்கினேன். அடுத்த முறையும் 10க்குக் குறையவில்லை. அப்போது அவர், "கண்ணு போகும், கிட்னி போகும், அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது" என்று சொல்லிவிட்டு, 18ஐ 22 ஆக உயர்த்தி எழுதினார். என்னைக் குற்றம் சாட்டினாரே தவிர, ஏன் ஏறுகிறது என்று கேட்கவில்லை. நானும் 10 யூனிட்டையே தொடர்ந்தேன். அதன் பிறகு மருத்துவமனைக்குப் போகும் நாள் நெருங்கினாலே தூக்கம் வரவில்லை. அலுவலகத்தில் காரணமில்லாமல் அழுகை வந்தது; மகள் மீது எரிந்து விழுந்தேன்.

ஒரு நள்ளிரவில் 14416 என்ற எண்ணை அழைத்தேன். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் இலவசத் தொலைபேசிச் சேவை அது. எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். எதிர்முனையில் இருந்த பெண் என்னை அவசரப்படுத்தாமல் கேட்டார். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஆலோசகர் இருப்பார், நேரில் பாருங்கள் என்றார். இந்தப் பயணத்தில் ஒரே முயற்சியில் நடந்த காரியம் அது ஒன்றுதான்.

முதல் நாள், சீட்டு எழுதுமிடத்தில் இருந்தவர் எந்தப் பிரிவு என்று கேட்டார். தணிந்த குரலில் சொன்னேன். "மனநலமா? யாருக்கு, உங்களுக்கேவா?" என்று வரிசை முழுவதும் கேட்கும்படி திருப்பிக் கேட்டார். எனக்குப் பின்னால் எங்கள் தெருக்காரர் ஒருவர் நின்றிருந்தார். சீட்டை வாங்காமலேயே வெளியே வந்துவிட்டேன். அப்படி வந்திருக்கக் கூடாதுதான். ஆனால் நோயாளியை அந்த நிலைக்குத் தள்ளியது ஒரு குரல்தான் என்பதை அங்கே உட்கார்ந்திருப்பவர் அறிய வேண்டும். இரண்டாம் நாள் உள்ளே போய்விட்டேன். சர்க்கரை நோய்ப் பிரிவிலிருந்து பரிந்துரைக் குறிப்பு வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். அந்தப் பிரிவுக்கு ஓடினால் அன்றைய நேரம் முடிந்திருந்தது. மூன்றாம் நாள் குறிப்போடு போனேன். ஆலோசகர் வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே வருவார், இன்று அந்த நாள் இல்லை என்றார்கள். இதை முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ யாரும் சொல்லவில்லை. எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவும் இல்லை. அன்று மனநல மருத்துவர் மட்டும் பார்த்தார். மூன்று நிமிடத்தில் மாத்திரை எழுதத் தொடங்கியவரிடம் நான் இன்சுலின் போடுபவள் என்று நானாகச் சொன்ன பிறகே அவர் எழுதுவதை நிறுத்தி யோசித்தார். மன நோய்க்கான சில மருந்துகள் பசியையும் எடையையும் கூட்டும், சர்க்கரையை ஏற்றும். ஆகவே கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுங்கள்.

நான்காம் நாள் ஆலோசகரைப் பார்த்தேன். அவர் முதலில் இருபது கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தந்தார். 1995இல் அமெரிக்காவில் வில்லியம் பொலான்ஸ்கியும் குழுவினரும் வெளியிட்ட கேள்வித்தாள் அது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இட்டு, கூட்டிய தொகையை 1.25ஆல் பெருக்கினால் நூறுக்கு இத்தனை என்று வரும். 40 அல்லது அதற்கு மேல் வந்தால் நோயின் சுமை மனத்தைக் கடுமையாக அழுத்துகிறது என்று பொருள். எனக்கு 62.5 வந்தது. இது மனச்சோர்வு நோயிலிருந்து வேறானது, நோயோடு வாழ்வதால் வருவது, வெட்கப்பட ஏதுமில்லை என்று அவர் விளக்கினார். பிறகு, சர்க்கரை தாழ்ந்துவிடுமோ என்ற கேள்விக்கு நான் 4 என்று எழுதியிருந்ததைத் தொட்டுக் காட்டி, "ராத்திரியில உங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்டார். பதினைந்து ஆண்டுகளில் ஒருவரும் கேட்டிராத கேள்வி. நோட்டில் எழுதிய பொய், 18க்குப் பதில் 10, மகளின் சீனித் தண்ணீர் என அனைத்தையும் அழுதுகொண்டே சொன்னேன்.

அவர் என்னைக் கண்டிக்கவில்லை. மாலை ஊசி எது, எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, என்னைச் சர்க்கரை நோய்ப் பிரிவின் மூத்த மருத்துவரிடம் தாமே அழைத்துச் சென்றார். எனக்கு அங்கே தெரிந்த செய்திதான் இன்றும் ஆறவில்லை. நான் போட்டது 30/70 கலவை இன்சுலின். அதில் நூற்றுக்கு 70 பங்கு, மெதுவாக வேலை செய்யும் வகை. இரவு உணவுக்கு முன் ஏழரை மணிக்குப் போட்டால், நடு இரவைத் தாண்டிய நேரத்தில் அதன் வேகம் உச்சத்தில் இருக்கும். என் பயத்துக்குக் கடிகாரக் கணக்கே இருந்தது. என்றோ ஒருவர் கேட்டிருந்தால், ஊசியை மாற்றியே அதைத் தீர்த்திருக்கலாம். இரண்டு ஆண்டுகள் நான் என்னைக் கோழை என்று நினைத்திருக்க வேண்டியதில்லை.

அந்த மருத்துவர் சொன்ன ஓர் எச்சரிக்கையை, என்னைப் போல் அளவை மறைப்பவர்கள் தயவுசெய்து மனத்தில் கொள்ளுங்கள். காய்ச்சலுக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், செவிலியர் சீட்டில் உள்ள அளவைத்தான் போடுவார். வீட்டில் 10 போட்ட உடலுக்குள் திடீரென்று 22 போனால், நாம் எந்த இரவுக்கு அஞ்சினோமோ அதே இரவு அங்கே வரும். மறுபுறம், முதல் வகை நோயில் இன்சுலினை மிகவும் குறைத்தாலோ நிறுத்தினாலோ இரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலப் பொருள் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். சொல்வதற்கு நா எழவில்லையென்றால், உண்மையான அளவை ஒரு தாளில் எழுதி மேசையில் வையுங்கள்.

இப்போது உணவுக்கு முன் விரைவாக வேலை செய்யும் இன்சுலின், படுக்கும் முன் உச்சம் பெரிதாக இல்லாத கிளார்ஜின் என்னும் இன்சுலின். நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி 8.3 ஆகியிருக்கிறது, கேள்வித்தாளில் 36.25. வாரத்தில் ஓரிரு நாள் இன்னும் இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது. எழுந்து சோதித்து, வந்த எண்ணை அப்படியே எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

ஒன்று மட்டும் மீதி. ஊசி மாறிய முதல் மாதம், மருந்து கொடுக்குமிடத்தில் பழைய வழக்கப்படி கலவை இன்சுலினையே எடுத்து நீட்டினார்கள். அங்கேயே பெட்டியைப் பிரித்துப் பார்த்ததால் பிழைத்தேன்: கலவை இன்சுலின் பால் போலக் கலங்கியிருக்கும், என்னுடைய புதிய இரண்டும் தண்ணீர் போலத் தெளிந்தவை. தெளிந்த இரண்டும் ஒன்றோடொன்று மாறிவிடாமல் இருக்க, இரவுக் குப்பியின் கழுத்தில் மகள் ஒரு சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறாள்.