எஞ்சின் நின்றால் எவ்வளவு தூரம்?

கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில், ஒரு சின்ன விமானத்தளத்தின் கொட்டகையில், ஏழு வருடம் ஓய்வு நேரத்தையெல்லாம் கொடுத்து நான் கட்டிய இரண்டு இருக்கை விமானம் பறக்கத் தொடங்கி மூன்றாவது வாரம். இரவுச் சாப்பாட்டின்போது மனைவி கேட்டாள்: "எஞ்சின் நின்னுட்டா எவ்வளவு தூரம் வருங்க?"

நான் பறக்கக் கற்றது செஸ்னா 172எஸ் விமானத்தில். எஞ்சின் இல்லாமல் சறுக்க 68 நாட் (மணிக்கு 68 கடல் மைல்) வேகம், ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் ஒன்றரைக் கடல் மைல். அதையே சொல்லிவிட்டேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. அது வேறொரு விமானத்தின் எண். என் விமானத்துக்குக் கையேடு எழுத வேண்டியவன் நான்தான்.

அமெரிக்காவில் வீட்டில் கட்டிய விமானத்தை முதலில் குறிப்பிட்ட பகுதிக்குள்ளேயே பறந்து சோதிக்க வேண்டும். என்னுடையதற்கு 40 மணி நேரம். முடிவில் பதிவேட்டில் ஓர் உறுதிமொழி எழுத வேண்டும். தரையிறங்கும் அமைப்பில் ஸ்டால் ஆகும் வேகம் (அதற்குக் கீழே இறக்கையால் விமானத்தைத் தாங்க முடியாது), குறைந்த தூரத்தில் அதிக உயரம் ஏறும் வேகம், குறைந்த நேரத்தில் அதிக உயரம் ஏறும் வேகம் என்று மூன்று வேகங்களை அதில் குறிப்பிட வேண்டும். சறுக்கு வேகத்தை அந்த வரி கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் எனக்கு அது வேண்டும்.

முதல் முயற்சி ஒரு சனிக்கிழமை மதியம். 6,500 அடிக்கு ஏறி, கார்புரேட்டரில் பனி கட்டாமல் இருக்க அதன் ஹீட்டைப் போட்டு, த்ராட்டிலை மெல்ல ஐடிலுக்கு இழுத்து, ஒரே வேகத்தில் தானாக நிற்கும்படி ட்ரிம் செய்து, 6,000-லிருந்து 5,000 அடிக்கு இறங்க எத்தனை வினாடி என்று எடுப்பதுதான் திட்டம். 70 நாட்டில் 58 வினாடி வந்தது, 80-ல் 75 வினாடி. இப்படி இருக்கவே முடியாது. கீழே உழுத நிலமும் பாதாம் தோப்புகளும் மாறி மாறி இருக்கின்றன. வெயிலில் உழுத நிலத்திலிருந்து எழுந்த காற்று என்னைத் தூக்கியும் பக்கத்திலேயே அமுக்கியும் விட்டிருக்கிறது. ஒரு மணி நேரத்து எரிபொருளில் நான் அளந்தது காற்றை மட்டும்தான்.

அடுத்த வாரம் முதல் வெளிச்சத்தில் கிளம்பினேன். காற்று அசையவே இல்லை. விமானத்தில் நான் மட்டும்தான் என்பதால் ஸ்டாப்வாட்சைத் தொடவே இல்லை. கைபேசியை இருக்கைக்குப் பின்னால் கட்டி, அளவிகளை வீடியோ எடுக்க விட்டேன். அது நல்ல முடிவு, கண் முழுக்க வேகமானியிலேயே இருந்தது. ஒவ்வொரு வேகத்திலும் ஒரு முறை வடக்கு நோக்கி, ஒரு முறை தெற்கு நோக்கி. உயரத்துக்கு உயரம் காற்றின் வேகம் மாறினால் கணக்கு ஒரு பக்கம் சாயும். எதிரெதிர்த் திசைகளின் சராசரியில் அது போய்விடும். நடு நடுவே எஞ்சினுக்குக் கொஞ்சம் பவர் கொடுத்துச் சூடாக்கிக்கொண்டேன். எல்லாம் முடிய மூன்று காலைகள் ஆயின. வேகமானியின் பிழையை ஜி.பி.எஸ். வைத்து முன்பே அளந்து திருத்தியிருந்தேன்.

திருத்திய எண்களில் 60 நாட்டில் 74 வினாடி, 70-ல் 69 அல்லது 70, 75-ல் 65 அல்லது 66, 80-ல் 61, 90-ல் 51. பார்த்தவுடன் 60 தான் சிறந்தது என்று தோன்றும், அதிக நேரம் மேலே இருக்கிறதே! எனக்கும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் எஞ்சின் நின்றவனுக்கு வேண்டியது தூரம். வினாடியைக் காற்றில் போகும் உண்மையான வேகத்தால் பெருக்க வேண்டும். அந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அது வேகமானி காட்டுவதைவிடச் சுமார் 8.5 சதவீதம் அதிகம். பெருக்கினால் 60 நாட்டில் ஆயிரம் அடிக்கு 1.34 கடல் மைல், 75-ல் 1.48, 90-ல் 1.38.

வேகம் கூடக்கூட உடலைக் காற்று இழுப்பது கூடும். வேகம் குறையக் குறைய, இறக்கை அதே எடையைத் தூக்கக் கூடுதல் இழுவையைச் சுமக்கும். இரண்டும் சமமாகும் இடம்தான் 75. எனக்கு மிகவும் பிடித்தது அந்த உச்சி எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்பது. 70-க்கும் 80-க்கும் நடுவில் எங்கே இருந்தாலும் இழப்பு 1 சதவீதம்தான். 60-க்கு இறங்கினால் கிட்டத்தட்ட 10 சதவீதம் போய்விடும், ஸ்டாலும் பக்கத்தில் வந்துவிடும். பயத்தில், மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைக்கும்படி கட்டுப்பாட்டுக் குச்சியைப் பின்னால் இழுக்கத்தான் கை போகும். அந்தப் பக்கம்தான் ஆபத்து.

இது நான் மட்டும் இருக்கும்போது, 1,380 பவுண்டு எடையில். மனைவியும் முழு எரிபொருளும் சேர்ந்தால் 1,600. சறுக்கு வேகம் எடையின் வர்க்கமூலத்தோடு கூடும், ஆக 81 நாட். ஆச்சரியம், தூரம் குறைவதில்லை. அதே தூரத்தைக் கொஞ்சம் சீக்கிரமாகக் கடக்கிறோம், அவ்வளவுதான். எதிர்க்காற்று இருந்தால் இன்னும் வேகம் வேண்டும். காற்றின் வேகத்தில் பாதியைக் கூட்டு என்று கிளைடர் ஓட்டுபவர்கள் சொல்வார்கள், நானும் அதைத்தான் பின்பற்றுகிறேன்.

ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஐடிலில் எஞ்சின் இன்னும் கொஞ்சம் வேலை செய்கிறது. உண்மையிலேயே நின்றுபோனால், காற்றில் சுழலும் புரொபெல்லர் எஞ்சினையும் சேர்த்துச் சுற்ற வேண்டும், இழுவை அதிகம். வானில் எஞ்சினை நிறுத்திப் பார்க்க நான் தயாராக இல்லை. ஆகவே 1.48-ஐ 1.2 ஆக்கிக்கொண்டேன். திரும்புவதற்கும் முதல் சில வினாடித் திகைப்புக்கும் அதிலேயே இடம் இருக்கட்டும்.

சோதனைக் காலம் முடிந்ததும் இந்த 1.2-ஐ வைத்து, எங்கிருந்து சறுக்கினால் விமானத்தளத்தை எட்டலாம் என்று வரைபடத்தில் ஒவ்வொரு தளத்தையும் சுற்றி வட்டங்கள் போட்டேன். கடற்கரைப் பக்கம் போக பசேகோ கணவாயை 4,500 அடியில் தாண்டலாம் என்று நினைத்திருந்தேன். வட்டங்கள் மலைக்கு நடுவில், எந்தத் தளமும் எட்டாத பெரிய ஓட்டையைக் காட்டின. 8,500-ல் ஓட்டை சுருங்குகிறது, ஆனால் மூடவில்லை. மனைவியோடு போன முதல் பயணத்தில் 8,500-க்கு ஏறிய பிறகே மலைக்குள் நுழைந்தேன். மிச்சமிருந்த அந்தத் துண்டு முழுக்க, அவசரத்துக்கு இறங்க என்று 152-ஆம் நெடுஞ்சாலையை இடது ஜன்னலிலிருந்து விடவே இல்லை.