இடது கழுத்தில் ஒரு நெறிக்கட்டி

அப்பாவின் கழுத்தில் இருந்த கட்டியை முதலில் கண்டவர் மருத்துவர் அல்லர். முப்பது ஆண்டுகளாக அவருக்கு முடி வெட்டிவரும் முடிதிருத்துநர். வெட்டிய முடியைத் துண்டால் தட்டிவிடும்போது, இடது காறை எலும்புக்கு மேலே இருக்கும் குழியில் ஏதோ தட்டுப்பட, விரலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "ஐயா, இங்க கல்லு மாதிரி ஒண்ணு இருக்கு, டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்று சொல்லியிருக்கிறார். நெல்லிக்காய் அளவு, வலி இல்லை, காய்ச்சல் இல்லை. அப்பாவுக்கு அப்போது 71 வயது.

கழுத்தில் நெறி கட்டினால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது காசநோய்தான். அது தவறான நினைப்பும் அன்று, ஏனெனில் பெரும்பாலும் அதுவாகவே இருக்கிறது. ஊசியால் உறிஞ்சி எடுத்த மாதிரியில் போதிய செல்கள் இல்லை என்று முடிவு வந்தது. மறுபடி எடுத்துப் பார்க்காமல் காசநோய் மாத்திரைகளைத் தொடங்கிவிட்டார்கள். அந்த மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். அப்பா ஓராண்டுக்கும் மேலாக இரவில் நான்கு முறை எழுந்துகொண்டிருந்ததும், சிறுநீர் மெலிதாக, விட்டு விட்டு வந்ததும் எங்களுக்கு அதுவரை தெரியாது. கேட்டபோது வயதானால் அப்படித்தான் என்றார். பிறகு எல்லாவற்றுக்கும் மாத்திரையின் மேல் பழியைப் போட்டார். நாங்களும் நம்பினோம்.

ஆறு வாரத்தில் கட்டி சுருங்குவதற்குப் பதில் எலுமிச்சை அளவாயிற்று. இம்முறை கட்டியையே வெட்டியெடுத்துப் பரிசோதித்ததில், சுரப்பித் திசுவிலிருந்து தோன்றும் அடினோகார்சினோமா என்னும் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆனால் எந்தச் சுரப்பியிலிருந்து? இடது கழுத்துக் கட்டி என்றதும் இரைப்பையைத் தேடுவது மருத்துவர்களின் பழைய வழக்கம். 1848இல் ஜெர்மானிய மருத்துவர் விர்க்கோ இரைப்பைப் புற்றுநோயோடு இணைத்துச் சொன்னதால் அந்த இடத்து முடிச்சுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. எண்டோஸ்கோபி செய்தார்கள், இரைப்பை சுத்தமாக இருந்தது. நெஞ்சு ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. அப்போதுதான் நோய்க்குறியியல் துறையின் மூத்த மருத்துவர் ஒருவர் படிவத்தில் இருந்த வயதையும் பாலினத்தையும் பார்த்துவிட்டு, "பி.எஸ்.ஏ. பார்த்தீர்களா?" என்று கேட்டார். அது புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் ஒரு புரதத்தின் அளவைக் காட்டும் எளிய இரத்தப் பரிசோதனை. பொதுவாக 4க்குக் கீழ் இருக்க வேண்டிய அளவு அப்பாவுக்கு 312 இருந்தது. கழுத்துக் கட்டியின் சீவலுக்கே அந்தப் புரதத்தைக் காட்டும் சாயத்தை ஏற்றியபோது செல்கள் பழுப்பாக நிறமேறின. கழுத்தில் வளர்ந்திருந்தது புராஸ்டேட்.

சிறுநீர்ப்பைக்குக் கீழே, வாதாங்கொட்டையைவிடச் சற்றே பெரிதாக இருக்கும் ஒரு சுரப்பியின் நோய் எப்படிக் கழுத்துக்கு ஏறியது என்பது என்னைப் பல நாள் வாட்டிய கேள்வி. விடை உடலின் குழாய் அமைப்பில் இருக்கிறது. கால்கள், இடுப்பு, வயிறு ஆகியவற்றின் நிணநீர் அனைத்தும் சுமார் 40 செ.மீ. நீளமுள்ள ஒரே குழாயில் சேர்ந்து, மார்பின் உள்ளே மேலேறி, இடது கழுத்தடியில் இரத்தச் சிரையில் கலக்கிறது. அந்த வாய்க்கால் கடைமடையில் இருக்கும் மதகுதான் அப்பாவின் கட்டி. புராஸ்டேட் செல்களைத் தேடிப் பற்றும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் எடுத்த அன்று திரையில் அதைக் கண்ணால் பார்த்தேன்: இடுப்பில் தொடங்கி, பெருந்தமனியின் ஓரமாக மணி கோத்தாற்போல் வெளிச்சப் புள்ளிகள் ஏறி, இடது கழுத்தில் முடிந்தன. எலும்பில் ஒரு புள்ளிகூட இல்லை.

எலும்பில் இல்லை என்பதுதான் இந்த நோயில் விந்தை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1967 முதல் 1995 வரை, நாற்பது வயதைக் கடந்த ஆண்களுக்குச் செய்யப்பட்ட 19,316 பிரேதப் பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், 1,589 பேருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் இருந்தது. அவர்களில் 35 விழுக்காட்டினருக்கு அது இரத்தவழி பரவியிருந்தது. அப்படிப் பரவியவர்களில் எலும்பில் 90, நுரையீரலில் 46, கல்லீரலில் 25 விழுக்காட்டினருக்கு நோய் இருந்தது. முதுகெலும்பை அது இவ்வளவு விரும்புவதற்கு ஒரு காரணத்தை 1940இல் அமெரிக்க உடற்கூறியலாளர் ஆஸ்கர் பேட்சன் காட்டினார். பிணங்களின் ஆண்குறிச் சிரையில் அவர் செலுத்திய சாயம், இதயத்துக்குப் போகும் பெருஞ்சிரையைத் தவிர்த்துவிட்டு முதுகெலும்பைச் சூழ்ந்த சிரைப் பின்னலுக்குள் ஏறியது. அந்தச் சிரைகளில் வால்வுகள் இல்லாததால், இருமினாலும் முக்கினாலும் இரத்தம் எதிர்த்திசையில்கூட ஓடும்.

ஆனால் வழி இருந்தால் மட்டும் போதாது. விதை எல்லாத் திசையிலும் போனாலும் ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று மார்பகப் புற்றுநோயை வைத்து 1889இல் வாதிட்டவர் இங்கிலாந்தின் ஸ்டீபன் பேஜட். இவருடைய தந்தை ஜேம்ஸ் பேஜட்டின் பெயரால் வழங்கும் எலும்பு நோய் ஒன்று உண்டு. எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோயும் அதுவும் எக்ஸ்ரேயில் ஒன்றையொன்று ஏய்க்கும் அளவுக்கு ஒத்திருக்கும் என்று படித்தபோது, அந்தக் குடும்பம் இந்த நோயை விடவில்லை போலும் என்று தோன்றியது.

அப்பாவின் கட்டிக்குப் பிறகு நான் மருத்துவ இதழ்களில் இத்தகைய நோயாளிகளின் குறிப்புகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். கீழுதடும் தாடையும் மரத்துப்போய்ப் பல் மருத்துவரிடம் போகிறவர்கள் இருக்கிறார்கள். தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பை நோய் நெரிப்பதே காரணம். மூளைக்குள் நேரடியாகப் பரவுவது அரிது, ஆனால் மூளையைப் போர்த்தியிருக்கும் டியூரா உறையில் அது படிந்து, தீங்கற்ற மூளையுறைக் கட்டியைப் போல ஸ்கேனில் வேடம் போடுகிறது. தோலிலும், தொப்புளிலும், கண்ணின் உட்படலத்திலும் வந்திருக்கிறது. விரைகளில் வருவது இன்னும் வினோதம்: இந்த நோயை வளர்க்கும் ஆண் ஹார்மோனை நிறுத்துவதற்காக அகற்றிய விரையைப் பரிசோதிக்கும்போது, யாரும் தேடாமலே அதற்குள் புராஸ்டேட் புற்றுநோய் அகப்பட்டிருக்கிறது. அதே வேலையைச் செய்யும் ஊசி மருந்துகள் வந்தபின் அந்த அறுவை குறைந்ததால், இந்தக் கண்டுபிடிப்புகளும் குறைந்துவிட்டன.

இந்த இடங்களையெல்லாம் வியப்புக்காக நான் சேர்க்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியாத அடினோகார்சினோமாவுக்கும், புராஸ்டேட்டிலிருந்து வந்தது என்று தெரிந்ததற்கும் சிகிச்சையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்த நோய் ஒடுங்கும் என்பதைச் சிகாகோவில் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் 1941இலேயே காட்டிவிட்டார். 1966இல் அதற்கு நோபல் பரிசும் பெற்றார். பரவிய இடம் எதுவானாலும் செல் புராஸ்டேட் செல்லாகவே இருப்பதால், இந்தச் சிகிச்சை பெரும்பாலும் கழுத்திலும் வேலை செய்கிறது. ஆனாலும் இடம் பொருட்டே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படாத நிலையில் டோசிடாக்செல் என்னும் கீமோ மருந்து பெற்ற 8,820 பேரின் தரவை 2016இல் ஆராய்ந்தபோது, நிணநீர் முடிச்சுகளில் மட்டும் நோய் இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் ஏறத்தாழ 32 மாதமாகவும், எலும்பில் இருந்தவர்களுக்கு 21 மாதமாகவும், கல்லீரலில் இருந்தவர்களுக்கு 14 மாதமாகவும் இருந்தது. பி.எஸ்.ஏ. குறைவாக இருந்துகொண்டே கல்லீரலில் நோய் வளரும் வகையும் உண்டு. அங்கே அந்த இரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து.

ஆண் ஹார்மோனை அடக்க அப்பாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊசியும், நாள்தோறும் அபிராடெரோன் மாத்திரையும் கொடுக்கிறார்கள். இரவில் திடீரென்று உடல் கொதித்து வியர்க்கிறது. எழுந்து உட்கார்ந்து விசிறிக்கொள்கிறார். நான்காம் மாதமே கட்டி விரலுக்குத் தட்டுப்படவில்லை. பி.எஸ்.ஏ. 0.2 வரை இறங்கி, இரண்டு ஆண்டு அங்கேயே கிடந்தது. முடிதிருத்துநர் ஒவ்வொரு முறையும் அந்தக் குழியில் விரலை வைத்துப் பார்த்த பிறகே துண்டை உதறுவார்.

சென்ற மாதம் பி.எஸ்.ஏ. 1.9 ஆகியிருக்கிறது. கழுத்தில் எதுவும் இல்லையே என்று அப்பா காலையும் மாலையும் தடவிப் பார்த்துக்கொள்கிறார். இந்த முறை நோய் கழுத்துக்கே வர வேண்டும் என்பதில்லை என்று எப்படிச் சொல்வது எனத் தெரியாமல், முதுகு வலிக்கிறதா, தாடை மரத்துப்போகிறதா என்று பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வரும் வியாழக்கிழமை ஸ்கேன்.